மாணவர் படத்தை இப்போது யார் பார்க்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஸ்காம் என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் காட்சித் தொடர்பியல் வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவன் நான். மாணவனாக இருந்தபோது என் இறுதிப் பருவப் படத்தை மினிடிவி (MiniDV) என்ற சிறு வீடியோ நாடாவில் ஒப்படைத்தேன். இப்போது என் மாணவர்கள் வாட்ஸ்ஆப்பில் ஒரு இணைப்பை அனுப்பி, கீழே கைகூப்பும் பொம்மை ஒன்றையும் வைக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் கேமரா மாறியது எல்லோருக்கும் தெரியும். பார்ப்பவர் மாறியதைப் பற்றித்தான் கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன, மாணவர்களிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும், சில சமயம் கல்லூரி அலுவலகத்திலிருந்தும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதியது.

யூடியூப் வருவதற்கு முன்னால் மாணவர் படங்களை யார்தான் பார்த்தார்கள்?

விரல்விட்டு எண்ணிவிடலாம். படம் எடுத்த ஐந்தாறு பேர், வகுப்புத் தோழர்கள், துறைத்தலைவர், வாய்மொழித் தேர்வுக்காக வேறு கல்லூரியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல். ஆண்டு விழாவில் திரையிட்டால் பெற்றோரும் சேர்ந்துகொள்வார்கள். வேறு கல்லூரிகளின் போட்டிகளுக்கு சிடியை உறையில் போட்டு அனுப்புவோம். தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) போன்ற அமைப்புகள் நடத்தும் திரையிடல்களில் இடம் கிடைத்தால் அது பெரிய விஷயம். அதற்குப் பிறகு நாடா துறை அலமாரிக்குள் போய்விடும். நாடா வாங்கக் காசில்லாத ஜூனியர்கள் அடுத்த ஆண்டு அதன் மேலேயே பதிவு செய்துவிடுவதும் உண்டு. என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய படத்தின் பிற்பாதி இன்று யாரோ ஒருவருடைய கபடிப் போட்டி.

தொலைக்காட்சி வழி என்று ஒன்று இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி நிகழ்ச்சிகள் 1984 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷனில் வந்தன. அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அவற்றுக்கான தயாரிப்பு மையங்கள் இயங்கின. ஆனால் அவை மாணவருக்காகத் தயாரிக்கப்பட்டவை. மாணவரே எடுத்த படத்துக்கு அங்கே இடமிருந்ததாகச் சொல்ல முடியாது.

அந்தச் சிறிய கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் எழுந்து போக மாட்டார்கள். படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கடைசி வரை உட்கார்ந்திருப்பார்கள். எக்ஸ்டர்னலுக்கு அது கடமை, அம்மாவுக்குப் பாசம், நண்பனுக்கு அடுத்து அவனுடைய படம். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது முழுவதும் இதிலிருந்துதான் கிளைக்கிறது. இணையம் பார்வையாளரின் எண்ணிக்கையைப் பெருக்கியது என்கிறார்கள். எழுந்து போகக்கூடிய பார்வையாளரை மாணவருக்கு முதன்முதலில் அறிமுகம் செய்ததுதான் அது செய்த பெரிய வேலை என்பேன்.

கல்லூரியில் திரையிட்டபோது இளையராஜா பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. யூடியூபில் ஏற்றியதும் ஏன் சிக்கல்?

அந்தப் பழைய சிறு கூட்டம் யார் யார் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில் சில விலக்குகளைத் தருகிறது. கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் பகுதியாக ஒரு திரைப்படத்தையோ ஒலிப்பதிவையோ போட்டுக் காட்டுவது மீறல் ஆகாது. ஆனால் பார்ப்பவர்கள் அந்த நிறுவனத்தின் பணியாளர், மாணவர், மாணவரின் பெற்றோர், காப்பாளர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். பாடம் கற்கும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதற்கும் அதே பிரிவில் இடமிருக்கிறது. எங்கள் காலத்துத் திரையிடல் அறையை எட்டிப் பார்த்து எழுதியதுபோல இருக்கும் அந்தப் பட்டியல்.

படத்தை இணையத்தில் வெளியிட்டதும் அந்த வட்டத்தைத் தாண்டிவிடுகிறீர்கள். "கல்வி நோக்கத்துக்காக மட்டும்" என்று விவரக் குறிப்பில் எழுதினால் தப்பிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை மாணவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. அந்த வரிக்குத் தனியாக எந்தச் சக்தியும் கிடையாது.

நடைமுறையில் இரண்டு வகை நடவடிக்கைகள் உண்டு. மாணவர்கள் அவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கன்டென்ட் ஐடி. 2007 முதல் யூடியூப் பயன்படுத்தும் தானியங்கி ஒப்பீட்டு முறை இது. ஏற்றிய படத்தின் ஒலியையும் ஒளியையும் உரிமையாளர்கள் கொடுத்துவைத்த மாதிரிகளோடு ஒப்பிடும். பொருந்தினால் விளம்பர வருவாய் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது படம் சில நாடுகளில் தெரியாமல் போகலாம். இதனால் சேனலுக்கு ஆபத்து இல்லை. மற்றொன்று, உரிமையாளர் முறைப்படி புகார் கொடுத்துப் படத்தை நீக்கச் செய்வது. இதுதான் ஸ்ட்ரைக். 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே மூடப்படும். துறையின் பெயரில் ஒரே சேனல் வைத்திருந்தால் ஐந்தாறு ஆண்டு மாணவர்களின் உழைப்பு மூன்று பாட்டுகளுக்காகப் போய்விடும்.

சினிமாப் பாட்டுக்குப் பதிலாகப் புது இசை போட இசைக் கல்லூரி மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். அவருக்கும் ஒரு படம் வேண்டும்.

மாற்றம் எப்போது வந்தது? 2005லேயா?

யூடியூபின் முதல் காணொளி 2005 ஏப்ரல் 23 அன்று ஏறியது. ஒரு விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று ஒருவர் பேசும் 19 விநாடிகள். இந்தியாவுக்கான யூடியூப் பக்கம் 2008இல் வந்தது. ஆனால் நாங்கள் படம் ஏற்ற நினைத்தபோது தடையாக இருந்தது இணையக் கம்பி. இந்தியாவின் 2004ஆம் ஆண்டுக் கொள்கைப்படி விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட். அதுவும் இறக்கும் வேகம்; ஏற்றும் வேகம் அதற்கும் கீழே இருக்கும். தொடக்க காலத்தில் யூடியூப் அனுமதித்த கோப்பின் அளவு 100 எம்பி. 256 கிலோபிட் வேகத்திலேயே ஏறுவதாக வைத்துக்கொண்டாலும் அதற்கு 52 நிமிடம் ஆகும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். முக்கால்வாசி ஏறியபோது மின்சாரம் போகும். 2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் கணக்கில் மாற்றம் இரண்டு தவணைகளில் வந்தது. முதல் தவணையில் படம் எடுப்பவர் மாறினார். 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2, 2010இல் வந்த 550டி போன்ற ஸ்டில் கேமராக்கள் வீடியோவும் எடுத்தன. கல்யாண வீடியோக்காரரிடம் நாள் வாடகைக்கு எடுத்தால் பின்னணி மங்கிய, சினிமாவைப் போன்ற படம் கிடைத்தது. நாடாவை ஓடவிட்டு அறுபது நிமிடப் பதிவை அறுபது நிமிடம் கணினியில் ஏற்றும் வேலையும் ஒழிந்தது.

இரண்டாவது தவணையில் பார்ப்பவர் மாறினார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவின் விலை சரிந்தது. அதற்கு முன் தமிழ்க் குறும்படம் பார்த்தவர்கள் யார்? பிராட்பேண்ட் வைத்திருந்தவர்கள். அதாவது மென்பொருள் நிறுவன ஊழியர்கள், விடுதி மாணவர்கள், வெளிநாட்டுத் தமிழர்கள். அக்காலக் குறும்படங்களில் பாதி, காபிக் கடையில் தொடங்கி மொட்டைமாடியில் முடியும் காதல் கதைகள். காரணம் இந்தப் பார்வையாளர்தான் என்பது என் ஊகம். தரவு மலிந்த பிறகு பேருந்துக்குக் காத்திருப்பவரும் பார்க்கத் தொடங்கினார். கதைகள் ஊருக்குத் திரும்பின, வட்டார வழக்கும் கூடவே திரும்பியது. கோயம்புத்தூர்ப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குழு தமிழ்நாடு முழுவதையும் சிரிக்க வைக்கலாம் என்றாகிவிட்டது.

குறும்படம் என்றாலே ஏன் பத்து நிமிடம்?

பலர் இதை ஏதோ கலை விதி என்று நினைக்கிறார்கள். 2006 மார்ச் மாதம் யூடியூப் பத்து நிமிட வரம்பு வைத்தது. முழுத் திரைப்படங்களையும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் திருட்டுத்தனமாக ஏற்றுவதைத் தடுக்கவே அது. 2010 ஜூலையில் வரம்பு 15 நிமிடமானது. அந்த நான்கு ஆண்டுகளில் நீளமான படம் எடுத்தவர்கள் அதை "பாகம் 1", "பாகம் 2" என்று வெட்டி ஏற்றினார்கள். இரண்டாம் பாகத்தின் பார்வைகள் எப்போதும் குறைவாகவே இருக்கும். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளிதான் என் தலைமுறை முதன்முதலில் பெற்ற நேர்மையான விமர்சனம். எக்ஸ்டர்னல் அதைச் சொன்னதில்லை.

விஸ்காம் படிக்காதவர்கள்தானே இதில் அதிகம் முன்னேறினார்கள்?

இந்தக் கேள்வியை எங்கள் துறைக் கூட்டங்களில் யாரும் விரும்புவதில்லை. உண்மைதான். கேமராவும் எடிட்டிங் அறையும் துறையின் பூட்டுக்குள் இருந்தவரை, மாணவர் படம் என்பது விஸ்காம் மாணவரின் படம், அல்லது தரமணி திரைப்படக் கல்லூரி மாணவரின் படம். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பூட்டு திறந்துகொண்டது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி ஒரு பக்கம், யூடியூப் மறு பக்கம். பொறியியல் கல்லூரி மாணவர்கள் விடுமுறை நாளில் படம் எடுத்தார்கள், மென்பொருள் ஊழியர்கள் சனி ஞாயிறுகளில் எடுத்தார்கள். அந்த நிகழ்ச்சியில் வந்த கார்த்திக் சுப்பராஜ் பொறியியல் படித்தவர்; 2012இல் 'பீட்சா' எடுத்தார். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படமாக யூடியூபில் பரவி, அதே 2012இல் முழுநீளப் படமாக வந்தது. உதவி இயக்குநராகப் பத்து ஆண்டு அலைந்தால்தான் தயாரிப்பாளரைப் பார்க்க முடியும் என்ற ஏற்பாடு அந்த ஆண்டு ஆட்டம் கண்டது. கதை சொல்லப் போனவர்கள் கையில் ஒரு இணைப்பு இருந்தது.

எங்கள் துறைகளின் பதில் என்னவாக இருந்தது? பெரும்பாலும், அவர்களுக்கு இலக்கணம் தெரியாது என்று முணுமுணுத்தோம். சில படங்களைப் பொறுத்தவரை அது சரியும்கூட.

எழுந்து போகக்கூடிய பார்வையாளர் வந்ததால் படங்கள் மாறினவா?

முதலில் மாறியது நன்றி அட்டை. பழைய மாணவர் படங்கள் எப்படித் தொடங்கும் தெரியுமா? கல்லூரியின் சின்னம். தாளாளருக்கு நன்றி. செயலருக்கு, முதல்வருக்கு, துறைத்தலைவருக்கு, படப்பிடிப்புக்கு வீடு கொடுத்த மாமாவுக்கு நன்றி. பிறகு ஒரு மேற்கோள். அதன்பின் அலாரம் அடித்து ஒருவன் படுக்கையிலிருந்து எழுந்து பல் துலக்குவான். கதை தொடங்க மூன்று நிமிடம் ஆகும். அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள் என்பது இயக்குநருக்குத் தெரியும்.

இப்போது நன்றி கடைசிக்குப் போய்விட்டது. பல் துலக்கும் காட்சி ஏறக்குறைய அழிந்துவிட்டது. அதற்காக நான் வருந்தவில்லை. பார்வையாளர் எந்த விநாடியில் விலகினார் என்பதை யூடியூப் வரைகோடாகக் காட்டுகிறது. அந்தக் கோடு சரியும் இடத்தை நிறுத்தி, "இங்கே என்ன ஷாட் இருக்கிறது?" என்று வகுப்பில் கேட்கிறேன். படத்தொகுப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல கரும்பலகை எனக்குக் கிடைத்ததில்லை.

இழப்பும் இருக்கிறது. கோட்டைப் பார்த்துப் பார்த்து எடுக்கிறவர்கள் மௌனத்துக்குப் பயப்படுகிறார்கள். ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் 40 விநாடி ஷாட்டை என் மாணவி ஒருத்தி முதல் வெட்டில், அதாவது முதலில் தொகுத்த வடிவத்தில், வைத்திருந்தாள். இறுதி வெட்டில் அது 6 விநாடியாகியிருந்தது, பின்னணியில் பறை வேறு. "எல்லோரும் போய்விடுவார்கள் சார்" என்றாள். அந்த 40 விநாடிதான் அவளுடைய படம். வாய்மொழித் தேர்வு அறையில் அதைக் காப்பாற்றியிருக்கலாம். ஏனென்றால் அங்கே யாரும் போக முடியாது. சிறிய அறைக்கு ஒரு நன்மை இருந்தது என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான். இப்போது துறையில் இரண்டு வெட்டுகள் கேட்கிறேன், தேர்வுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று. வேலை இரட்டிப்பாகிறது என்று திட்டுகிறார்கள்.

பார்வை எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம்?

அது என்ன எண்ணுகிறது என்பது அவ்வப்போது மாறும் என்பதை நினைவில் வைத்தால் போதும். பழைய ஆட்களுக்கு 301 என்ற எண் நினைவிருக்கும். அந்த எண்ணைத் தொட்டதும் கணக்கு அப்படியே நின்றுவிடும். பார்வைகள் போலியா மெய்யா என்று யூடியூப் சரிபார்த்த பிறகுதான் நகரும். எத்தனை மாணவர்கள் இரவு முழுவதும் 301ஐப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தார்கள்! 2015இல் அந்த முறை கைவிடப்பட்டது. 2012லேயே, வெறும் பார்வையைவிடப் பார்க்கப்பட்ட நேரத்துக்கே பரிந்துரையில் முன்னுரிமை என்று யூடியூப் மாற்றிவிட்டது. மறுபுறம் ஷார்ட்ஸ் வகையில், 2025 மார்ச் 31 முதல், ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற நிபந்தனை இல்லை. ஆகவே 2011இன் ஆயிரமும் இன்றைய ஆயிரமும் ஒரே ஆயிரம் அல்ல.

ஊரில் மாமாக்கள் கேட்கும் "எத்தனை வியூஸ்?" என்ற கேள்விக்கு ஏதாவது பெரிய எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

பார்வை எண்ணிக்கைக்கு மதிப்பெண் தரலாமா?

கூடாது. சில இடங்களில் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தை, சித்தப்பா, பள்ளித் தோழர்கள் நிறைந்த வாட்ஸ்ஆப் குழுக்கள் உள்ள மாணவருக்கும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் மாணவருக்கும் அது ஒரே தேர்வாக இருக்காது.

படத்தால் வருமானம் வருமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018 தொடக்கத்தில் யூடியூப் வைத்த நிபந்தனைப்படி, விளம்பர வருவாய்க்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். உங்கள் பத்து நிமிடப் படத்தைச் சராசரியாக ஒருவர் மூன்று நிமிடம் பார்க்கிறார் என்றால், 80,000 பார்வைகள் தேவை. அதன்பிறகுதான் முதல் ரூபாய். தொடர்ந்து வாரம் ஒன்று போடுபவர்களுக்கு இது எட்டும். ஒரு பருவத்துக்கு ஒரு படம் எடுக்கும் மாணவருக்கு எட்டாது. வருமானத்தை மறந்துவிட்டு எடுங்கள் என்றுதான் சொல்வேன். வேலை தேடிப் போகும்போது அந்த இணைப்பு காசுக்குச் சமம்.

ஆவணப்படத்தில் பேசியவர்களிடம் அப்போதே அனுமதி வாங்கிவிட்டோம். அதையே இணையத்தில் போடலாமா?

இந்தப் பக்கத்திலேயே கனமான கேள்வி இதுதான். ஆனால் இதைக் குறைவானவர்கள்தான் கேட்கிறார்கள்.

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு மாணவர்கள் கேமராவோடு வருகிறார்கள். "காலேஜ் புராஜெக்ட், அக்கா" என்கிறார்கள். பிள்ளைகள் படிக்கத்தானே கேட்கிறார்கள் என்று அவர் கூலியைப் பற்றிச் சொல்கிறார். கால் வெடிப்பைக் காட்டுகிறார். கங்காணி எப்படிப் பேசுவார் என்பதையும் சொல்கிறார். அவர் தலையாட்டிச் சம்மதித்தது எந்தப் பார்வையாளருக்கு? வாத்தியாருக்கு, வகுப்புக்கு. அதே படம் யூடியூபில் ஏறியதும், அதைப் பார்க்கப்போகிறவர்களில் முதல் ஆள் அந்தக் கங்காணியாக இருக்கலாம். ஊர்ப் பெயரோடு தேடினால் மேலே வந்து நிற்கும். படம் எடுத்தவர்கள் சென்னைக்குத் திரும்பிவிட்டார்கள். அவர் மறுநாள் காலை அதே பாத்திக்குத்தான் போக வேண்டும்.

பழைய அறையில் திரையிடும்போது இந்த ஆபத்து அநேகமாக இல்லை. பார்வையாளர் மாறினால் சம்மதமும் புதிதாக வாங்கப்பட வேண்டும். "உங்கள் முதலாளியும் உங்கள் மகளின் மாமியாரும் இதைப் போனில் பார்ப்பார்கள், பரவாயில்லையா?" என்று இதே சொற்களில் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது கல்லூரியைக் காப்பாற்றும். அவரைக் காப்பாற்றுவது இந்தக் கேள்வி. முடிந்தால் வெட்டிய படத்தை அவருக்கே போட்டுக் காட்டிவிட்டு ஏற்றுங்கள்.

சிறுவர்கள் விஷயத்தில் சட்டமே குறுக்கே நிற்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு: பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறுவர், வழக்கில் சிக்கிய சிறுவர், குற்றத்துக்கு ஆளான சிறுவர் ஆகியோரின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பட்டறையில் வேலை செய்யும் சிறுவனின் முகத்தை நெருக்கத்தில் காட்டி சோக இசை போடும் மாணவர் படங்கள் யூடியூபில் ஏராளமாகக் கிடக்கின்றன. நல்ல எண்ணத்தில் எடுத்தவைதான்.

என் மகள் நடித்த படத்தின் கீழே கேவலமாக எழுதுகிறார்கள். என்ன செய்வது?

ஒரு தாய் துறை அலுவலகத்துக்கே வந்து கேட்டது இது. பையன்களின் படத்துக்குக் கீழே வரும் வசைகள் படத்தைப் பற்றியவை. பெண்களின் படத்துக்குக் கீழே வருபவை அவர்களின் நிறத்தையும் உடையையும் பற்றியவை. இயக்குநர் பெண் என்றால் கேமராவைப் பிடித்தது யார் என்ற கேள்வியும் சேர்ந்து வரும்.

கருத்துப் பகுதியை மூடிவைக்கலாம். குறிப்பிட்ட சொற்கள் வந்தால் தானாகத் தடுத்து நிறுத்தும்படியும் அமைக்கலாம். இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும் வகையில் படத்தை வைக்கும் வசதியும் இருக்கிறது; தேடலில் அது வராது. மிரட்டலோ உருவத்தைத் திரித்த படமோ வந்தால் திரைப்பதிவு எடுத்துவைத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவுக்குப் போங்கள். 1930 என்ற எண் பண மோசடிக்கு, மற்றவற்றுக்கு அரசின் இணையதளத்திலேயே புகார் செய்யலாம். ஆனால் அந்தத் தாய் கேட்டது வசதிகளைப் பற்றி அல்ல. படத்தை எடுத்துவிட வேண்டும் என்றார். மகள் வேண்டாம் என்றாள். இருவரையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினோம். படம் இருக்கிறது, கருத்துப் பகுதி மூடியிருக்கிறது. சரியான தீர்வா என்று கேட்டால் அந்த வாரத்துக்குச் சரியாக இருந்தது.

படவிழாவுக்கு அனுப்புவது முதலா, இணையத்தில் ஏற்றுவது முதலா?

விழாவே முதல். பல விழாக்கள் இணையத்தில் வெளியான படத்தை ஏற்பதில்லை. ஏற்பவையும் உண்டு, விதியைப் படித்துவிட்டுத் தீர்மானியுங்கள். உலகத் திரைப்படக் கல்லூரிகளுக்கென்று பிரான்சின் கான் திரைப்பட விழா 1998 முதல் தனிப் பிரிவு நடத்துகிறது. 2024இல் அதில் முதல் பரிசு பெற்றது புணே திரைப்படக் கல்லூரியைச் சேர்ந்த சிதானந்த நாயக்கின் கன்னடக் குறும்படம். அவ்வகைப் படங்களுக்கு இணையம் கடைசி நிறுத்தம். அவசரப்பட்டுத் தீபாவளியன்று ஏற்றிவிட்டு ஜனவரியில் விழா விதியைப் படிக்கிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

சென்சார் சான்றிதழ் வேண்டுமா?

யூடியூபுக்கு வேண்டாம். திரையரங்கில் பொதுமக்களுக்குக் காட்டினால் வேண்டும்.

கல்லூரிக் கேமரா, அப்பாவின் பணம், ஐந்து பேரின் உழைப்பு. படம் யாருக்குச் சொந்தம்? யாருடைய சேனலில் போடுவது?

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்தின் ஆசிரியர் இயக்குநர் அல்லர், தயாரிப்பாளர். முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றவர் யாரோ அவரே தயாரிப்பாளர். மாணவர் படத்தில் அது கல்லூரியா, குழுவா, அப்பாவா என்று வாதாடலாம். நாடா அலமாரியில் தூங்கிய காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. தூங்கும் நாடாவுக்கு யாரும் உரிமை கோருவதில்லை. இப்போது படம் பரவிவிட்டால் ஐந்து பேரும் தனித்தனியாகத் தங்கள் சேனலில் ஏற்றிப் பார்வைகளைப் பங்குபோட்டுவிடுகிறார்கள். படப்பிடிப்புக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒரு பக்கம் போதும். எந்தச் சேனல், கடவுச்சொல் யாரிடம், பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது. கடவுச்சொல்லை எழுதிவைத்த சீனியர் துபாய்க்குப் போய்விட, சேனல் அநாதையாகக் கிடக்கும் துறைகளை நான் அறிவேன்.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் வந்த பிறகு பத்து நிமிடப் படத்தையெல்லாம் யார் பார்ப்பார்கள்?

பார்க்கிறார்கள், ஆனால் வழி மாறிவிட்டது. 2020 ஜூன் 29 அன்று இந்தியா டிக்டாக்கைத் தடை செய்தது. என் மாணவர்களில் சிலர் சேர்த்துவைத்திருந்த கூட்டம் ஒரே இரவில் காணாமல் போனது. அந்த செப்டம்பரிலேயே யூடியூப் ஷார்ட்ஸை இந்தியாவில்தான் முதலில் சோதித்துப் பார்த்தது. முதலில் 15 விநாடி, பிறகு 60 விநாடி, 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம். படத்தின் ஒரு துண்டை நிமிர்ந்த சட்டகத்தில் வெட்டிப் போட்டு முழுப்படத்துக்கு ஆள் கூட்டுகிறார்கள் இப்போது. துண்டை லட்சம் பேர் பார்த்து, முழுப்படத்துக்கு முந்நூறு பேர் வருவதும் நடக்கிறது. அந்த முந்நூறு பேர் பழைய ஆண்டு விழாக் கூட்டத்தைவிட அதிகம்.

படம் மட்டும்தானா? மாணவர் வானொலி, மாணவர் செய்தி இவற்றுக்கெல்லாம் என்ன ஆயிற்று?

அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 2004இல் தொடங்கியபோது வளாகத்தைச் சுற்றிய சில கிலோமீட்டர்தான் அதன் உலகம். ஆனால் அந்தச் சுற்றுவட்ட மக்கள் நேயர்களாக இருந்தார்கள், நிகழ்ச்சியில் பேசவும் வந்தார்கள். அந்த நெருக்கத்தை யூடியூபால் தர முடியவில்லை என்றே நினைக்கிறேன். செய்தியைப் பொறுத்தவரை, 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய மாணவர்களின் கைப்பேசிகள்தான் பலருக்குச் செய்தி நிறுவனமாக இருந்தன. அதைப் பாடத்திட்டம் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பத்து ஆண்டுக்கு முன் ஏற்றிய என் கல்லூரிப் படத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. நீக்கிவிடலாமா?

நாடாக் காலத்தில் இந்த வேலையை ஜூனியர்கள் நமக்காகச் செய்தார்கள். நீக்குவதற்கு முன் கடைசி அட்டையில் இருக்கும் பெயர்களை ஒருமுறை படியுங்கள். அதில் உள்ள அத்தனை பேரிடமும் கேளுங்கள். சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன் அப்படிக் கேட்டான். நால்வர் எடுத்துவிடு என்றார்கள். ஒலிப்பதிவு செய்தவன் இப்போது ஒரு வங்கியில் காசாளர். அவன் மட்டும் வேண்டாம் என்றான். இரண்டாவது காட்சியில் மழைச் சத்தத்தை ஓட்டுக்கூரையின் கீழே மைக்கை நீட்டி அவனே பிடித்தானாம். படம் இன்னும் இருக்கிறது.